கொடுத்துவிட்டுப் பாடியவர்



இந்த இதழ் இசைக்கென்று முடிவானபோதே, இந்தப் பக்கம் யாருக்கு என்பதும் முடிவாகிவிட்டது. பெர்சி ஸ்லெட்ஜ். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக் கறுப்பினப் பாடகர். 2015 ஏப்ரல் 14 அன்று தமது 74ஆம் வயதில் காலமானார். பெயர் உங்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ என்ற பாட்டை ஏதாவதோர் இடத்தில் கேட்டிருப்பீர்கள்: ஒரு ஆங்கிலப் படத்தில், ஒரு விளம்பரத்தில், ஓட்டல் வரவேற்பறையில். எங்கே கேட்டோம் என்பது மறந்திருக்கும். குரல் மறந்திருக்காது.

மேற்கத்திய இசை பற்றி எழுதுகிறவர்கள் இவரை ‘ஒரே பாட்டுப் பாடகர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் சம்மதமே இல்லை. அவருக்கு வேறு நல்ல பாட்டுகள் உண்டு. பிறகு அவற்றுக்கு வருகிறேன். ஒரே பாட்டு என்றே வைத்துக்கொண்டாலும், அந்த ஒன்றை ஐம்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக, மேடை மேடையாக, கடனே என்றில்லாமல் பாடியவரை அப்படி ஒதுக்கிப் பேச யாருக்கும் உரிமை இல்லை. அதிலும் அந்தப் பாட்டில் எழுத்தாளராகத் தமக்குச் சேர வேண்டிய பங்கை முதலிலேயே கொடுத்துவிட்டவர் அவர்.

1940 நவம்பர் 25 அன்று லெய்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார் பெர்சி. அலபாமாவின் வடமேற்கு மூலையில், கோல்பர்ட் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். பருத்தி விளையும் பூமி. சிறு வயதிலேயே வயலில் இறங்கி வேலை செய்தார். ஞாயிறன்று தேவாலயத்தில் பாட்டு. மற்ற நாட்களில் வானொலி. அந்தப் பக்கத்து வானொலி வெள்ளைக்காரர்களின் நாட்டுப்புறப் பாணியான கண்ட்ரி இசையைத்தான் பெரும்பாலும் ஒலிபரப்பியது. ஹாங்க் வில்லியம்ஸ், ஜிம் ரீவ்ஸ் ஆகியோரின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்ததாக பெர்சி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இது முக்கியமான செய்தி. சோல் என்னும் கறுப்பின இசையில் நிதானமான காதல் பாட்டு என்று ஒரு வகை உண்டே, அதன் தென்மாநில வடிவம் இந்த இரண்டும் சேர்ந்து உண்டானதுதான். தேவாலயத்தில் கடவுளிடம் மன்றாடும் குரல் ஒரு பக்கம். கண்ட்ரி பாட்டுக்காரர்கள் வீட்டுக் கதையை நேரடியாகச் சொல்லும் முறை இன்னொரு பக்கம். தாளம் மெதுவாக நடக்கும், ஒவ்வோர் அடிக்குள்ளும் மும்மூன்றாகத் துடிக்கும். நம் காதுக்குத் திஸ்ர நடை என்று உடனே பிடிபடும்.

வளர்ந்ததும் பெர்சிக்குக் கிடைத்த வேலை, ஷெஃபீல்டு நகரில் கோல்பர்ட் மாவட்ட மருத்துவமனையில் வார்டு பாய். நோயாளிகளைத் தூக்கி உட்காரவைப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, பெட்பேன் எடுப்பது என்று மருத்துவமனைக்குப் போய்வந்த நம் எல்லோருக்கும் தெரிந்த வேலை. வார நாட்களில் இது. வாரக் கடைசியில் ‘எஸ்கொயர்ஸ் காம்போ’ என்ற குழுவோடு பக்கத்து மாநிலங்களுக்கெல்லாம் போய்ப் பாடுவார். கல்லூரி மாணவர் விடுதிக் கொண்டாட்டங்கள்தான் அவர்களுக்கு முக்கிய வருமானம்.

எந்தக் காலத்தில், எந்த மண்ணில் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1962இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரெடித் என்ற ஒரேயொரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதென்று கலவரமே நடந்தது, உயிர்கள் போயின. அதே பல்கலைக்கழகத்தின் வெள்ளை மாணவர் கொண்டாட்டங்களில் ஆடுவதற்குக் கறுப்பினக் குழுக்களின் பாட்டு வேண்டியிருந்தது. 1965 மார்ச்சில் அதே அலபாமாவின் செல்மா நகரில், வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. அந்த ஆண்டும் பெர்சி வாரக் கடைசிகளில் வண்டியேறிப் போய்ப் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

பாட்டு பிறந்த கதையை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காதலித்த பெண் பிரிந்து போய்விட்டாள். மனசு சரியில்லாத ஒரு இரவு, மேடையில் வழக்கமான பாட்டு எதுவும் வாயில் வரவில்லை. பின்னால் இருந்த இருவரையும் திரும்பிப் பார்த்து, ஏதாவது மெதுவாக வாசியுங்கள், நான் பாடிக்கொள்கிறேன் என்றார். பேஸ் கிட்டார் வாசித்தவர் கால்வின் லூயிஸ். ஆர்கன் வாசித்தவர் ஆண்ட்ரூ ரைட். அவர்கள் வாசிக்க, சின்ன வயதில் வயல் வேலையின்போது முனகிக்கொண்டிருந்த ஒரு மெட்டை பெர்சி அதன் மேல் ஏற்றினார். என்னை ஏன் விட்டுப் போனாய் என்று கேட்கும் புலம்பல்தான் முதலில் இருந்தது. வார்த்தைகள் பின்னால் மாறின.

மருத்துவமனைக்கு நோயாளியாக வந்துபோன ஒருவர்தான் பெர்சியை க்வின் ஐவியிடம் அறிமுகப்படுத்தினார். ஐவி உள்ளூர் வானொலி அறிவிப்பாளர். இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். ஷெஃபீல்டில் ‘நொராலா’ என்று சிறிய ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றையும் தொடங்கியிருந்தார். பக்கத்து ஊரான மசல் ஷோல்ஸில் ரிக் ஹால் என்பவரின் ‘ஃபேம்’ கூடம் ஏற்கெனவே பேர் வாங்கியிருந்தது. அங்கே இடம் கிடைக்காதவர்கள் ஐவியிடம் வருவார்கள். ஐவிக்கு பெர்சியின் மெட்டு பிடித்தது, குரல் அதைவிடப் பிடித்தது. வார்த்தைகளைத் திருத்தி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

1965 முடிந்து 1966 பிறந்த அந்தக் குளிர்காலத்தில் ஒலிப்பதிவு நடந்தது. பெர்சி இதற்கு முன் இசைத்தட்டுக்குப் பாடியவர் இல்லை. கருவி வாசித்தவர்கள் உள்ளூர் வெள்ளை இளைஞர்கள். ஸ்பூனர் ஓல்டம் ஃபார்ஃபிசா ஆர்கனில், ரோஜர் ஹாக்கின்ஸ் டிரம்ஸில், ஜூனியர் லோ பேஸில், மார்லின் கிரீன் கிட்டாரில். ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜிம்மி ஜான்சன். வெளியே சட்டமும் வழக்கமும் பிரித்துவைத்திருந்த இரு கூட்டத்தார் அந்த அறைக்குள் ஒரே தாளத்தில் உட்கார்ந்தார்கள். கறுப்பு மனிதனின் குரலுக்கு எங்கே விலகி வழிவிடுவது, எங்கே போய்த் தாங்கிப் பிடிப்பது என்று அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. பதிவைக் கேட்டாலே தெரியும்.

கேட்கும்போது இவற்றைக் கவனியுங்கள். ஆர்கன் ஒரு நீண்ட கார்வையாகத் தொடங்குகிறது. பேஸ் படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. அதன் மேல் பெர்சி எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் நுழைகிறார். பொதுவாகப் பாடகர்கள் கீழ் ஸ்தாயியில் தொடங்கி, கேட்பவரைத் தயார்செய்து, கடைசியில் மேலே போவார்கள். இவர் அப்படிக் காத்திருக்கவில்லை. முதல் சொல்லே மேலே நிற்கிறது, அங்கிருந்துதான் இறங்குகிறார். திரும்பத் திரும்ப வரும் பல்லவி என்று எதுவும் இந்தப் பாட்டில் கிடையாது. ஒரு சரணம் முடிந்தால் அடுத்தது. மூச்சு வாங்குவதற்குள் காதலிக்கும் பெண்ணின் குற்றம் கண்ணுக்குத் தெரியாத, நண்பன் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு ஆணின் முழு வாழ்க்கையும் வந்துபோய்விடுகிறது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஹாக்கின்ஸின் டிரம்ஸ் எவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பதையும் கேளுங்கள். அந்த இடைவெளிதான் குரலுக்குக் கிடைத்த இடம்.

கடைசிப் பகுதியில் ஊதுகருவிகள் சேரும். கூர்ந்து கேட்டால் அவை கொஞ்சம் சுருதி விலகியிருப்பது தெரியும். இதற்கொரு கதை உண்டு. ரிக் ஹால் இந்தப் பதிவைக் கேட்டதும் நியூயார்க்கில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லருக்குத் தகவல் சொன்னார். வெக்ஸ்லருக்குப் பாட்டு பிடித்துவிட்டது. ஆனால் ஊதுகருவிகளின் சுருதி சரியில்லை, அதை மட்டும் மறுபடி பதிவு செய்து அனுப்புங்கள் என்றார். ஷெஃபீல்டில் சிரமப்பட்டு மறுபடி பதிவு செய்து அனுப்பினார்கள். வெளிவந்த இசைத்தட்டில் இருந்ததோ பழைய பதிவு. நாடாக்களில் எதை எடுப்பது என்பதில் ஏதோ தவறு நடந்துவிட்டது. அதற்குள் பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது, யாரும் மாற்றவில்லை. இன்றுவரை உலகம் கேட்பது அந்த அபஸ்வரத்தோடுதான். எனக்கு அது இப்படி இருப்பதே பிடித்திருக்கிறது. சுருதி சுத்தமான ஊதல் வந்து முடித்துவைத்திருந்தால் அந்தக் குரலின் தவிப்புக்கு இவ்வளவு நெருக்கமாக இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

1966 மே மாதக் கடைசியில் அமெரிக்கப் பொதுப் பட்டியலில் முதலிடம். கறுப்பின ரசிகர்களுக்கான ரிதம் அண்டு புளூஸ் பட்டியலிலும் முதலிடம். பிரிட்டனில் நான்காம் இடம். அட்லாண்டிக் நிறுவனத்துக்கே அதிகாரப்பூர்வமான முதல் தங்கத்தட்டு இந்தப் பாட்டால்தான் கிடைத்தது. சில மாதங்களுக்கு முன் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தவர் நாடு முழுக்கப் பயணம் போனார்.

இந்த வெற்றி அவரோடு நிற்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதுவரை தென்மாநில ஒலி வேண்டுமென்றால் அட்லாண்டிக் நிறுவனம் மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் கூடத்தைத்தான் நம்பியிருந்தது. அந்தக் கதவு அப்போது வெளியாருக்கு மூடத் தொடங்கியிருந்தது. மசல் ஷோல்ஸில் என்ன இருக்கிறது என்பதை இந்தப் பாட்டு வெக்ஸ்லருக்குக் காட்டிக்கொடுத்தது. அதே 1966இல் பாடகர் வில்சன் பிக்கெட்டை அங்கே கூட்டிவந்தார். 1967 ஜனவரியில் பாடகி அரீதா ஃபிராங்க்ளினைக் கூட்டிவந்தார். அரீதாவின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட முதல் பாட்டில் மின்பியானோ வாசித்ததும் அதே ஸ்பூனர் ஓல்டம்தான். பின்னால் அந்தச் சிறு ஊருக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு வரை எத்தனையோ பேர் வந்துபோனார்கள். மசல் ஷோல்ஸ் பற்றி 2013இல் வந்த ஆவணப்படத்தில் முதியவரான பெர்சியும் பேசுகிறார். முகத்தில் ஒரு நல்ல பிள்ளையின் சந்தோஷம்.

இனி, கொடுத்த கதை.

பாட்டு அச்சாகும்போது எழுதியவர் பெயர் போட வேண்டுமல்லவா? பெர்சி தம் பெயரைப் போடவில்லை. கால்வின் லூயிஸ், ஆண்ட்ரூ ரைட் இருவர் பெயரையும் போடச் சொன்னார். அவர்கள் இருவரும் அன்று பின்னால் இருந்து வாசிக்காவிட்டால் பாட்டே வந்திருக்காது என்பது அவர் நினைப்பு. இருவருக்கும் அதில் உண்மையான பங்கு இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மெட்டு தம்முடையது என்று கடைசிவரை சொல்லிவந்த பெர்சியின் பெயர் மட்டும் அதில் இல்லை. இருபத்தைந்து வயது. ராயல்டி என்றால் என்ன, அது எத்தனை ஆண்டு வரும் என்று சொல்லித்தர அருகில் ஆள் இல்லை.

இதனால் என்ன ஆயிற்று என்பது அமெரிக்கச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். அங்கே சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலிபரப்பானால், நிலையம் பணம் கட்டுவது எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டும். பாடியவருக்குக் காலணா கிடையாது. இன்றும் அதுதான் நிலைமை. இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி போன்ற டிஜிட்டல் ஒலிபரப்புகளில் பாடகருக்கும் பங்கு தரும் சட்டம் 1995இல் வந்தது. அதிலும் 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிவான பாட்டுகள் மத்திய பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வரவில்லை. அந்த ஓட்டையை அடைத்த சட்டம் 2018இல்தான் நிறைவேறியது. பெர்சி இறந்து மூன்று ஆண்டு கழித்து! உலகத்தின் எந்த மூலையிலும் தெரிந்த குரல்; அந்தக் குரல் அமெரிக்க வானொலியில் எத்தனை முறை ஒலித்ததோ, அத்தனை முறையும் அவர் வீட்டுக்கு அதற்கென்று ஒன்றும் வரவில்லை.

இன்னும் இருக்கிறது. 1980வாக்கில் பெட் மிட்லர் ‘தி ரோஸ்’ படத்துக்காக இதே பாட்டைப் பாடினார். 1991இல் மைக்கேல் போல்ட்டன் பாடினார். அமெரிக்காவில் மறுபடி முதலிடம், கிராமி விருது. வேறொருவர் பாடினால் பணம் போவது எழுதியவருக்கு. பெர்சிக்கு அதிலும் இல்லை. 1994இல் அந்தப் பாட்டின் பெயரிலேயே மெக் ரையன், ஆண்டி கார்சியா நடித்த ஒரு ஹாலிவுட் படமும் வந்தது.

பெயரைக் கொடுத்தது தம் வாழ்க்கையில் எடுத்த மிக மோசமான முடிவு என்று பெர்சி பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அதே பேச்சில், அதற்காக வருந்தவில்லை என்றும், கொடுக்கச் சொல்லி அன்று வாயில் வரவைத்தவர் கடவுள் என்றால் அதை மாற்ற நினைக்கமாட்டேன் என்றும் சொன்னார். இந்த இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைத் துறவியாக்கிவிடுவது சுலபம். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. பெரிய குடும்பம். பன்னிரண்டு பிள்ளைகள். பயணம் போகாத வாரம் வருமானமில்லாத வாரம். அவர் கொடுத்தது பெரிய மனசோடு. ஆனால் கொடுத்தபின் சட்டமும் வியாபாரமும் அவரை நடத்திய விதத்தில் நியாயம் துளிகூட இல்லை. பாட்டுக்கு உயிர் கொடுத்தவருக்குப் பங்கில்லை என்று எழுதிவைத்த சட்டம் பெர்சியை மட்டுமா பாதித்தது? அந்தத் தலைமுறையில் எத்தனையோ கறுப்பினப் பாடகர்கள் இசைத்தட்டு விற்பனைக் கணக்கும் சரியாகக் காட்டப்படாமல் கடைசிவரை மேடையேறியே பிழைக்க வேண்டியிருந்தது.

அவருடைய மற்றப் பாட்டுகளுக்கு வருகிறேன். முதல் வெற்றிக்குப் பின் அதே 1966இல் ‘வார்ம் அண்டு டெண்டர் லவ்’, ‘இட் டேர்ஸ் மீ அப்’ இரண்டும் அடுத்தடுத்து வந்து நன்றாக ஓடின. இரண்டாவதை எழுதியவர்கள் டான் பென்னும் ஸ்பூனர் ஓல்டமும். தன்னை விட்டுப் போனவள் தன் நண்பனோடு நடந்துபோவதைப் பார்த்து நிற்கும் ஒருவனின் பாட்டு. அதே இருவர் எழுதிய ‘அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்’ 1967இல் வந்தது. எதிர்பார்க்காத நேரத்தில் வந்து சேர்ந்த அன்பைப் பற்றிய பாட்டு அது. பெர்சியின் பாட்டுகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சந்தோஷத்தைச் சொல்லும் பாட்டில்கூட அந்தக் குரலில் பழைய அடியின் வலி முழுக்க ஆறாமல் இருக்கிறது.

1968இல் வந்த ‘டேக் டைம் டு நோ ஹெர்’ பொதுப் பட்டியலில் பதினோராம் இடம் வரை போனது. கதைப் பாட்டு. ஒருவன் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு உடனே கல்யாணம் என்கிறான். பொறு, அவளைத் தெரிந்துகொள் என்கிறாள் அம்மா. பாதிரியாரும் அதையே சொல்கிறார். இவன் கேட்கவில்லை. அப்புறம் ஒருநாள் வீட்டுக்குச் சற்று முன்னதாக வருகிறான். அவ்வளவுதான் கதை. ஸ்டீவ் டேவிஸ் எழுதிய இந்தப் பாட்டு அசல் கண்ட்ரி பாணிக் கதை. அதைத் தேவாலயத்துக் குரலில் பாடினார் பெர்சி. சிறுவயதில் கேட்ட வானொலி வீண்போகவில்லை. அம்மாவின் வார்த்தை வரும் இடத்தில் குரலை எப்படித் தணிக்கிறார் என்று பாருங்கள். நாடகமாக்கவில்லை. அம்மாவின் பேச்சை மகன் நினைவிலிருந்து சொல்லும் விதம் அது.

எழுபதுகளில் காற்று மாறியது. ஃபங்க், பிறகு டிஸ்கோ. ஆட்டத்துக்கான இசை வந்தபின் நின்று நிதானமாக மன்றாடும் பாட்டுக்குச் சொந்த நாட்டில் இடம் சுருங்கியது. 1974இல் கேப்ரிகார்ன் நிறுவனத்துக்காகப் பாடிய ‘ஐ வில் பி யுவர் எவ்ரிதிங்’ ஓரளவு ஓடியது, அதோடு சரி. ஆனால் வெளிநாட்டு ரசிகர்கள் கைவிடவில்லை. நெதர்லாந்தில் ‘மை ஸ்பெஷல் பிரேயர்’ அவருடைய பெரிய பாட்டாகக் கொண்டாடப்பட்டது. அமெரிக்காவில் அது பெரிதாக ஓடவே இல்லை. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவில் 1970இல் சுற்றுப்பயணம் செய்தார். அங்குள்ள கறுப்பின மக்களிடம் அவருக்கு இருந்த செல்வாக்கு சாதாரணமானதல்ல. அந்தப் பயணம் படமாகவும் எடுக்கப்பட்டது.

பிறகு 1986, 87. வியட்நாம் போரைப் பற்றிய ‘பிளட்டூன்’ படத்தில் பெர்சியின் குரல் ஒலித்தது. பிரிட்டனில் லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனம் தன் விளம்பரத்தில் அந்தப் பாட்டைப் பயன்படுத்தியது. இசைத்தட்டு மறுபடி வெளியானது. 1987 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடத்தில் பென் ஈ. கிங்கின் ‘ஸ்டாண்ட் பை மீ’, இரண்டாமிடத்தில் பெர்சி. இரண்டும் இருபதாண்டுக்கு மேற்பட்ட பழைய பாட்டுகள், இரண்டும் ஜீன்ஸ் விளம்பரத்தில் வந்தவை. அந்தப் பாட்டு முதலில் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் கடையில் போய்க் கேட்டு வாங்கினார்கள். முதன்முறை 1966இல் நான்காம் இடம் வரை போன பாட்டு, இரண்டாம் முறை இன்னும் இரண்டு படி மேலே ஏறியது.

மரியாதைகளும் தாமதமாக வந்தன. 1989இல் ரிதம் அண்டு புளூஸ் அறக்கட்டளையின் விருது. 2005இல் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம். அங்கே அவரை மேடைக்கு அழைத்து அறிமுகம் செய்தவர் பாடகர் ராட் ஸ்டூவர்ட். ஸ்பூனர் ஓல்டமும் நான்கு ஆண்டு கழித்து அதே அவைக்குள் போனார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நான் முதலில் சொன்ன விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரே பாட்டை நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது ஆண்டு பாடுவது என்பது என்ன மாதிரியான வேலை? பழைய பாட்டுக்குப் பேர்போன எத்தனையோ பாடகர்கள் மேடையில் அதை அவசரமாக முடித்துவிடுவதையும், பாதியைக் கூட்டத்தைப் பாடவிட்டு ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டு நிற்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அலுப்பு தெரியும். வயதானபின் சுருதியைக் குறைத்துக்கொள்வார்கள். அதில் தவறில்லை, தொண்டை சதைதானே. பெர்சியின் பிற்கால மேடைப் பதிவுகளைக் கேட்டால் குரலில் கரகரப்பு ஏறியிருப்பது தெரிகிறது. சில இடங்களில் முதல் பதிவின் நீளம் இல்லை. ஆனாலும் அந்த முதல் சொல்லை மேலேயே எடுக்கிறார், ஒளிந்து நுழையவில்லை. முன்வரிசையில் இருப்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பற்களுக்கு நடுவே தெரியும் அந்த இடைவெளியோடு, பாட்டை முழுசாகப் பாடுகிறார். டிக்கெட் வாங்கி வந்தவர் எந்தப் பாட்டுக்காக வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். அந்த ஊரில் அந்த ஆளுக்கு அது முதல் தடவை, ஒருவேளை ஒரே தடவை என்பதும் தெரியும்.

வார்டு பாயாக இருந்த காலத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக நினைக்கிறேன். மருத்துவமனை வேலையில் நேற்று நன்றாகச் செய்தேன், இன்று போதும் என்பது கிடையாது. நோயாளி புதிது, படுக்கை புதிது, வேலை மட்டும் அதே வேலை. எல்லாவற்றையும் அவரவர் முதல் தொழிலில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவது சரியில்லை என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கும்போது மேடைக் கலைஞரைவிட ஒரு நல்ல வேலைக்காரரின் முகம்தான் முன்னால் வருகிறது, அதை நான் உயர்வாகவே சொல்கிறேன்.

2014 ஜனவரியில் கல்லீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. எழுந்ததும் மறுபடி பயணம் கிளம்பினார். அடுத்த ஆண்டு லூயிசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், வெகுகாலம் வாழ்ந்த ஊரிலேயே உயிர் பிரிந்தது.

இதுவரை அவரைக் கேட்காதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பெரிய பாட்டை உடனே கேட்காதீர்கள். ‘இட் டேர்ஸ் மீ அப்’பில் தொடங்குங்கள். பிறகு ‘அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்’. வரிகளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘டேக் டைம் டு நோ ஹெர்’ கேளுங்கள். கதை தெரிந்தால் குரல் செய்யும் வேலை இன்னும் விளங்கும். சோல் பாடகர் ஜேம்ஸ் காரின் ‘தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்’ பாட்டை பெர்சியும் பாடியிருக்கிறார். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே வலியை இரண்டு தொண்டைகள் எப்படிச் சுமக்கின்றன என்று பார்க்கலாம். 1994இல் வந்த ‘ப்ளூ நைட்’ தொகுப்பை விட்டுவிடாதீர்கள். ஐம்பதைக் கடந்த பெர்சி, ஸ்டீவ் கிராப்பர், பாபி வோமாக், மிக் டெய்லர் போன்ற இசைக்கலைஞர்களோடு சேர்ந்து செய்த தொகுப்பு. முதிர்ந்த குரலுக்கும் தனி ருசி உண்டென்பதை அதில்தான் நான் முழுசாக உணர்ந்தேன். இவையெல்லாம் ஆனபின் ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ கேளுங்கள், கடைசி ஊதல் ஓயும்வரை.

கேட்டுவிட்டு எழுதுங்கள். அடுத்த இதழின் கடிதங்கள் பகுதியில் இரண்டு பக்கம் கூடுதலாக ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊர் மேடைகளில் ஒரே பாட்டுக்காகத் திரும்பத் திரும்ப அழைக்கப்படும் பாடகர் யாராவது இருந்தால் அவரைப் பற்றியும் எழுதுங்கள். அந்தப் பாட்டுக்கு அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்